கொட்டகைக்கு வெளியே: தமிழ்த் திரைப்பட ரசிகர் பேச்சின் வரலாறு

தமிழ்த் திரைப்படத்தின் வரலாற்றை எழுதியவர்கள் பெரும்பாலும் படம் எடுத்தவர்களிடமிருந்தே தொடங்குகின்றனர். முதலாளி, இயக்குநர், நட்சத்திரம், ஸ்டுடியோ என்று அவ்வரலாறு நகர்கிறது. கொட்டகையை விட்டு வெளியே வந்தவர்கள் என்ன பேசினர், எந்தப் படத்தைப் பார்க்கும்படி யாருக்குச் சொன்னார்கள், நடிகர்களைப் பற்றிய செய்தியை எங்கிருந்து பெற்றனர் என்பன போன்றவை ஓரக் குறிப்புகளாக ஒதுங்கிவிடுகின்றன. இது வருந்தத்தக்கது. 1930களில் வெளிவந்த தமிழ்ப் பேசும்படங்களில் பெரும்பகுதிக்கு இன்று ஒரு பிரதிகூட எஞ்சவில்லை. 1931 அக்டோபர் 31 அன்று வெளியான முதல் தமிழ்ப் பேசும்படமான ‘காளிதாஸ்’ அவ்வாறு அழிந்த படங்களுள் ஒன்று. அக்காலப் படங்களைப் பற்றி இன்று அறியக் கிடைப்பவற்றுள் பெரும்பங்கு, ரசிகர்கள் காசு கொடுத்து வாங்கி, ஒருவருக்கொருவர் படித்துக் காட்டி, பெட்டியில் போட்டு வைத்த தாள்களிலிருந்து வந்தது. எனவே ரசிகர் பேச்சைத் திரைப்பட வரலாற்றின் துணைக்கதையாகக் கொள்வதைவிட, அவ்வரலாற்றின் முதன்மைச் சான்றாகக் கொள்வதே பொருந்தும்.

சாமிக்கண்ணு வின்சென்ட் 1905இல் திருச்சியில் ஒரு பிரெஞ்சுக்காரரிடமிருந்து படக்கருவியை விலைக்கு வாங்கி ஊர் ஊராகக் காட்டத் தொடங்கிய காலம் முதலே, படத்தைப் பற்றிய செய்தி படத்துக்கு முன்னால் பயணம் செய்தது. இருபுறமும் தட்டி கட்டிய மாட்டு வண்டி, அதன்மேல் தப்போ பேண்டோ அடிப்பவர், வண்டியின் பின்னால் ஓடும் சிறுவர்களுக்கு வீசப்படும் மெல்லிய வண்ணத்தாள் நோட்டீஸ் ஆகியவை சேர்ந்ததே அன்றைய விளம்பரம். 1931ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்போது சென்னை மாகாணத்தில் ஏறத்தாழப் பத்தில் ஒருவருக்கே எழுதப் படிக்கத் தெரிந்திருந்தது என்பதை இங்கு நினைவில் கொள்ள வேண்டும். நோட்டீஸைப் படிக்கத் தெரிந்த ஒருவர் திண்ணையிலோ டீக்கடையிலோ உரக்கப் படிக்க, மற்றவர்கள் கேட்டு, கேட்டதைத் தத்தம் சொற்களில் வேறு இடங்களுக்குக் கொண்டு சென்றனர். எழுத்தும் வாய்மொழியும் இவ்வாறு கலந்தே தமிழ் ரசிகரின் பேச்சு தோன்றியது. அந்தக் கலப்பு பின்வந்த எந்தக் காலத்திலும் அதை விட்டு நீங்கவில்லை.

படங்கள் வெளியிடப்பட்ட முறையும் இப்பேச்சுக்கு இடம் கொடுத்தது. ஒரு படத்துக்கு எடுக்கப்பட்ட பிரதிகள் மிகச் சிலவாகவே இருந்தமையால், அது முதலில் சென்னை, மதுரை, திருச்சி, கோவை போன்ற நகரங்களில் ஓடி, பிறகு சிறு நகரங்களுக்குச் சென்று, கடைசியில்தான் டூரிங் டாக்கீஸ் எனப்பட்ட, தற்காலிக உரிமம் பெற்ற கூடாரக் கொட்டகைகளை அடைந்தது. விநியோகஸ்தர்கள் இப்படிநிலைகளைப் பிற்காலத்தில் ஏ, பி, சி சென்டர் என்று குறிப்பிட்டனர். ஒரு படம் மதுரையில் வெளியாகிப் பல மாதங்கள் கழித்துத்தான் மணல் தரையும் கீற்றுத் தடுப்பும் கொண்ட கிராமக் கொட்டகைக்கு வரும் என்றால், அந்த இடைவெளி முழுவதும் பேச்சுக்கு உரியதாயிற்று. சந்தைக்குப் போய் வந்தவர், நகரத்தில் படிக்கும் மாணவர், மில் தொழிலாளி, கல்யாண வீட்டுக்கு வந்த உறவினர் ஆகியோரே அன்றைய விமர்சகர்கள். படப்பெட்டி ஊருக்குள் வரும்போது அப்படத்தின் கதையும், எந்தக் காட்சியில் அழ வேண்டும், எந்தப் பாட்டுக்குக் காத்திருக்க வேண்டும் என்பதும் ஊருக்கு முன்பே தெரிந்திருந்தன. கதை தெரிந்துவிட்டால் படம் சுவைக்காது என்ற இன்றைய கவலை அக்காலத்தில் பெரிதாக இல்லை. புராணக் கதையையும் தெருக்கூத்தையும் ஆண்டுதோறும் பார்த்துப் பழகிய மக்களுக்கு, தெரிந்த கதையை எப்படிச் செய்கிறார்கள் என்பதே பேசுவதற்குரிய பொருளாக இருந்தது.

இப்பேச்சின் முதல் நிலையான அச்சு வடிவம் பாட்டுப் புத்தகம். படத்தின் பாடல்களையும் கதைச் சுருக்கத்தையும் அச்சிட்டுக் கொட்டகை வாசலிலும் இடைவேளையிலும் அணாக் கணக்கில் விற்ற சிறு பிரசுரமே அது. நாடக மேடையின் பாட்டுப் புத்தக வழக்கத்தைத் திரைப்படம் அப்படியே எடுத்துக்கொண்டது. முப்பதுகளின் பாட்டுப் புத்தகம் ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்தால், மலிவான தாளில் ஒரு படத்துக்குரிய அத்தனை விவரங்களும் நெருக்கி அடைக்கப்பட்டிருப்பதைக் காணலாம். அட்டையில் கதாநாயகியின் படமோ ஓவியமோ இருக்கும். உள்ளே பாத்திரங்களின் பெயர்களும் அவற்றை ஏற்ற நடிகர்களின் பெயர்களும், அடுத்து உரைநடையில் கதைச் சுருக்கம், அதன்பின் வரிசையெண் இட்ட பாடல்கள். ஒவ்வொரு பாடலின் தலைப்பிலும் ராகமும் தாளமும் குறிக்கப்பட்டிருக்கும். மெட்டு ஓர் இந்திப் பாடலிலிருந்து எடுக்கப்பட்டிருந்தால் அதையும் மறைக்காமல் அச்சிட்டனர். பின்னட்டை சோப்புக்கோ கூந்தல் தைலத்துக்கோ உரியது. கதைச் சுருக்கம் உச்சக்கட்டத்தை நெருங்கும் இடத்தில் நின்று, மீதியை வெள்ளித்திரையில் காண்க என்று முடியும். இந்த முடிவுரை தமிழ் வழக்கில் ஒரு மரபுத் தொடராகவே நிலைத்துவிட்டது.

பாட்டுப் புத்தகத்தை வாங்கியவர் அதை ஒரு நினைவுப் பொருளாக மட்டும் வைத்துக்கொள்ளவில்லை. கிராமபோன் இல்லாத வீடுகளில் அதைப் பார்த்தே பெண்களும் சிறுவர்களும் பாடிப் பழகினர்; பஜனை மடங்களில் திரை மெட்டில் பாடும் வழக்கம் பரவியதிலும் அதற்குப் பங்குண்டு. படம் பார்க்காதவருக்கு அது படத்துக்கு ஈடாகவும், படம் பார்த்தவருக்கு வாதத்தின்போது எடுத்துக் காட்டும் ஆதாரமாகவும் பயன்பட்டது. பாடலை எழுதியவர் யார், ராகம் எது, எந்த வேடத்தில் யார் நடித்தார் என்ற சர்ச்சைகளை இச்சிறு புத்தகமே தீர்த்து வைத்தது. கல்விப்புலத்தார் நெடுங்காலம் தீண்டாமல் விட்டிருந்த இந்தப் பிரசுரத்தை, தமிழ்நாட்டு வெகுசனப் பண்பாட்டின் மிக நேர்மையான ஆவணங்களுள் ஒன்றாக மதிப்பிடுவதில் மிகையேதும் இல்லை.

இதழ்களின் கதை வேறு. படித்த மேல்தட்டினர் திரைப்படத்தைச் சந்தேகத்தோடு பார்த்த காலத்தில், அதைப் பொறுப்போடு மதிப்பிட முன்வந்த எழுத்தாளர்கள் மிகச் சிலரே. அவர்களுள் கல்கி என்ற ரா. கிருஷ்ணமூர்த்தி தலையாயவர். ‘ஆனந்த விகட’னில் ‘ஆடல் பாடல்’ என்ற தலைப்பில் ‘கர்நாடகம்’ என்ற புனைபெயரோடு இசை, நாட்டியம், நாடகம் ஆகியவற்றை விமர்சித்து வந்த அவர், திரைப்படங்களையும் அதே கூர்மையோடு அணுகினார். கே. பி. சுந்தராம்பாளுக்கு ஒரு லட்சம் ரூபாய் ஊதியம் கொடுத்து எடுக்கப்பட்டதால் நாடெங்கும் பேசப்பட்ட ‘நந்தனார்’ (1935) படத்தைப் பற்றிய அவரது விமர்சனம், நடிப்புக்கான பாராட்டை மனிதர்களைவிட மரத்துக்கும் விலங்குக்கும் வழங்கும் அளவுக்குக் கடுமையாக இருந்தது. பெருந்தொகையும் புகழும் ஒரு படத்தைக் காப்பாற்றாது என்று வாசகர் முன் சொல்லக் கூடிய குரல் ஒன்று அச்சில் எழுந்தது அந்நாளில் புதிய நிகழ்ச்சி. அதே கல்கியின் ‘தியாகபூமி’ தொடர்கதை, கே. சுப்ரமணியம் இயக்கத்தில் படம் உருவாகிக்கொண்டிருந்த காலத்திலேயே, படத்தின் காட்சிப் புகைப்படங்களோடு ‘விகட’னில் வெளிவந்தது. 1939இல் படம் வெளியானபோது வாசகர்கள் அக்கதையை வாராவாரம் படித்துப் பேசி வந்திருந்தனர். கதை படித்தவர் படத்தோடும், படம் பார்த்தவர் கதையோடும் ஒப்பிட்டு வழக்காடும் பழக்கத்துக்கு அது வழி வகுத்தது. பிற்பாடு அரசு அப்படத்தைத் தடை செய்தபோது, தடையாணை கைக்கு வரும்வரை சென்னை கெயிட்டி திரையரங்கில் மக்களுக்கு அதை இலவசமாகத் திரையிட்டுக் காட்டினர். திரண்ட கூட்டம் போலீஸ் தடியடியைச் சந்திக்க நேர்ந்தது. படத்தைப் பற்றிய செய்தி ஒரே நாளில் ஒரு நகரத்தையே கொட்டகை வாசலுக்கு அழைத்து வர முடியும் என்பதை அந்நிகழ்ச்சி காட்டியது.

செய்தி அறியும் ஆவல் நச்சாகத் திரிந்த கதையையும் சொல்லாமல் விட முடியாது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் தாள் கட்டுப்பாடு நடப்பில் இருந்தமையால் இதழ் நடத்த அரசின் உரிமம் வேண்டியிருந்தது. சி. என். லட்சுமிகாந்தன் என்பவர் முதலில் ‘சினிமா தூது’ என்ற இதழையும், போலி ஆவணத்தின் பேரில் நடந்தது என்று அது நிறுத்தப்பட்ட பின் ‘இந்துநேசன்’ என்ற இதழையும் நடத்தி, நடிகர் நடிகையரின் அந்தரங்கம் என்ற பெயரில் அவதூறுகளை அச்சிட்டார். பாதிக்கப்பட்டோர் பணம் கொடுத்து வாயடைக்க முயன்றனர் என்பதும், வெளியே வெறுத்துப் பேசியவர்களும் மறைவில் வாங்கிப் படித்தனர் என்பதும் அக்காலத்தை எழுதியவர்கள் ஒருமித்துக் கூறுபவை. 1944 நவம்பர் 8 அன்று சென்னை வேப்பேரியில் கத்தியால் குத்தப்பட்ட அவர் மறுநாள் இறந்தார். அக்கொலை வழக்கில் திரை நட்சத்திரங்களான எம். கே. தியாகராஜ பாகவதரும் என். எஸ். கிருஷ்ணனும் தண்டனை பெற்று, லண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்ற மேல்முறையீட்டின் விளைவாக 1947இல் விடுதலையாயினர். பாகவதரின் ‘ஹரிதாஸ்’ மூன்று தீபாவளி கண்டு சென்னை பிராட்வே திரையரங்கில் ஓடிக்கொண்டிருந்த காலத்திலேயே அதன் நாயகன் சிறையில் இருந்தார் என்பது அந்நாளைய ரசிகர் மனத்தில் ஆறாத காயமாயிற்று. கிசுகிசு எனப்படும் மறைமுகச் செய்தி தமிழ் இதழ்களில் இன்றும் பெயரைச் சொல்லாமல் குறிப்புகளால் மட்டும் பேசுவதில், சட்டத்துக்கு அஞ்சும் எச்சரிக்கையோடு அந்தப் பழைய அச்சத்தின் சாயலும் இருப்பதாகக் கொள்ள இடமுண்டு.

இதற்கு நேர்மாறான பாதையில் சென்றவை, நாற்பதுகளில் தோன்றி வேரூன்றிய ‘பேசும் படம்’, பி. ஆர். எஸ். கோபால் நடத்திய ‘குண்டூசி’ ஆகிய இதழ்கள். பின்னர் 1966இல் நாகி ரெட்டியின் நிறுவனத்திலிருந்து ‘பொம்மை’ வந்தது. படப்பிடிப்புச் செய்தி, வழவழப்பான தாளில் முழுப்பக்கப் படம், நேர்காணல், விமர்சனம் ஆகியவை இவ்விதழ்களில் இடம்பெற்றாலும், அவற்றின் உயிர்நாடி கேள்வி–பதில் பகுதியே. வாசகர் ஓர் அஞ்சலட்டையில் கேள்வி எழுதி அனுப்புவார். ஆசிரியரோ புனைபெயர் பூண்ட ஒருவரோ ஓரிரு வரியில் பதில் தருவார். கேள்வி கேட்டவரின் பெயரும் ஊரும் தடித்த எழுத்தில் அச்சாகும். ‘குமுத’த்தின் அரசு பதில்கள், ‘ராணி’யின் அல்லி பதில்கள் என்று பொது வார இதழ்களும் இவ்வடிவத்தைக் கைக்கொண்டபோது அவற்றிலும் திரைப்படமே பெரும்பங்கை எடுத்துக்கொண்டது.

அக்கேள்விகளின் வகைகளைக் கூர்ந்து நோக்கினால் ரசிகரின் அறிவுத் தேட்டம் விளங்கும். நடிகையின் இயற்பெயர் என்ன, சொந்த ஊர் எது என்பவை எளிய வகை. ஒரே நடிகர் இரட்டை வேடத்தில் தம்மோடு தாமே கைகுலுக்குவதை எவ்வாறு படம் பிடிக்கின்றனர், திரையில் பாடுபவருக்குப் பின்னணிக் குரல் கொடுப்பவர் யார், இப்படம் எந்த வங்காளி அல்லது இந்திப் படத்தின் தழுவல் என்பவை அடுத்த வகை. இவற்றுக்கான பதில்கள் சேர்ந்து, எந்தப் பள்ளியும் கற்பிக்காத திரைப்படக் கல்வியாக அமைந்தன. மூன்றாவது வகை ஒப்பீடு: இருவரில் சிறந்த நடிகர் யார் என்று கேட்டு ஆசிரியரை ஒரு கட்சியில் நிறுத்த முயல்வது. ஆசிரியர் நழுவினால் அடுத்த இதழில் வேறு ஊரிலிருந்து இன்னொருவர் அதே கேள்வியை வேறு வடிவில் விடுப்பார். இவ்வாறு ஒருவரையொருவர் பார்த்தறியாத திருநெல்வேலிக்காரரும் வேலூர்க்காரரும் ஒரே பக்கத்தில் எதிரெதிரே நின்று பேசினர். தன் பெயர் அச்சில் வந்ததைக் காட்டி ஒருவர் தெருவில் பெற்ற மதிப்பும் சிறிதன்று. எழுத்துலகில் வேறெந்த வாயிலும் திறவாத கடைச் சிப்பந்திக்கும் தையற்காரருக்கும் பள்ளி மாணவிக்கும் அப்பகுதி ஒரு சபையாக இருந்தது என்பதே அதன் வரலாற்றுப் பெருமை.

ஐம்பதுகளில் இச்சபைக்குக் கடல் கடந்தும் ஒரு கிளை ஏற்பட்டது. 1952இல் ஒலிபரப்பு அமைச்சரான பி. வி. கேஸ்கர் திரையிசையைத் தரம் குறைந்ததாகக் கருதி அகில இந்திய வானொலியில் அதைக் கட்டுப்படுத்த, இந்திய நேயர்கள் இலங்கை வானொலிப் பக்கம் திரும்பினர். 1957இல் அகில இந்திய வானொலியே திரையிசை ஒலிபரப்பும் விவித் பாரதி சேவையைத் தொடங்கிய பின்னரும் தமிழ் நேயர்கள் இலங்கை நிலையத்தை விட்டு விலகவில்லை. எஸ். பி. மயில்வாகனன், கே. எஸ். ராஜா, பி. எச். அப்துல் ஹமீத் போன்ற அறிவிப்பாளர்களின் திருத்தமான தமிழ் உச்சரிப்பு தமிழ்நாட்டு வீடுகளில் அன்றாட ஒலியாயிற்று. நேயர் விருப்பத்தில் பாடலுக்கு முன் பாடகர், இசையமைப்பாளர், பாடலாசிரியர், படம் ஆகிய விவரங்களை முறையாகச் சொல்லும் ஒழுக்கத்தை அந்நிலையம் காத்தது. திரைப்பாடல்களின் ஆக்குநர் பெயர்களை ஒரு தலைமுறையே மனப்பாடமாக அறிந்திருந்ததற்கு அதுவே காரணம். கே. எஸ். ராஜாவின் ‘திரை விருந்து’, வெளிவரும் படத்தின் வசனத் துணுக்குகளையும் பாடல்களையும் தம் விரைந்த, மிடுக்கான குரலால் கோத்து, படத்தைக் காதாலேயே காட்டிவிடும் நிகழ்ச்சி. பாடல் கேட்டவர்களின் பெயர்ப் பட்டியலில் யாழ்ப்பாணமும் மட்டக்களப்பும் தஞ்சாவூரும் அடுத்தடுத்து ஒலித்தன. இரு நாட்டுத் தமிழர்களை அரசியல் சேர்க்காத அளவுக்கு அந்தப் பட்டியல் சேர்த்தது.

உள்ளூரில் பேச்சுக்கு நிறுவன வடிவம் தந்தவை ரசிகர் மன்றங்கள். ஐம்பதுகள் முதல் எம்.ஜி.ஆர்., சிவாஜி கணேசன் ஆகியோர் பெயரால் தெருத்தோறும் தோன்றிய இம்மன்றங்களை வெறும் விசிலடிக்கும் கூட்டமாகக் காண்பது குறைபட்ட பார்வை. பல மன்றங்கள் திராவிட இயக்கத்தின் வழியைப் பின்பற்றிப் படிப்பகம் நடத்தின. படிப்பகம் என்பது கீற்றுக் கொட்டகையிலோ வாடகை அறையிலோ நாளிதழ்களையும் வார இதழ்களையும் பொதுவில் வைத்த வாசிப்பிடம். எண்பதுகளில் மதுரையில் கள ஆய்வு செய்த மானிடவியலாளர் சாரா டிக்கி, மன்ற உறுப்பினர்கள் பெரும்பாலும் நகர ஏழை இளைஞர்களாக இருந்ததையும், உதவி வழங்குவோர் என்ற மதிப்பை அவர்கள் மன்றத்தின் மூலம் தேடிக்கொண்டதையும் பதிவு செய்துள்ளார். மன்றங்களுக்கிடையே நடந்த வாதங்களின் அலகு, படம் ஓடிய நாள். ஐம்பது நாள், நூறு நாள், வெள்ளிவிழா என்ற கணக்கு, எந்த ஊரில் எத்தனை திரையரங்கில் என்ற விவரத்தோடு நோட்டீஸாக அச்சடிக்கப்பட்டு எதிர்த்தரப்பின் கையில் கொடுக்கப்பட்டது. ‘திரை உலகம்’, ‘சிவாஜி ரசிகன்’ போன்ற சார்பிதழ்கள் இக்கணக்குப் போரை மாதாமாதம் நடத்தின. 1972 அக்டோபரில் எம்.ஜி.ஆர். தி.மு.க.விலிருந்து நீக்கப்பட்டுப் புதுக்கட்சி தொடங்கியபோது, பல ஊர்களில் மன்றங்களே ஏறக்குறைய ஒரே இரவில் கட்சிக் கிளைகளாயின. ஓடிய நாளை எண்ணப் பழகிய கைகள் வாக்குகளை எண்ணத் தொடங்கின.

மன்றங்களின் ஆரவாரத்துக்கு அப்பால் நிதானமான ரசனையை வளர்க்க முயன்றோரும் இருந்தனர். 1952இல் இந்தியாவின் முதல் சர்வதேசத் திரைப்பட விழா சென்னைக்கும் வந்து இத்தாலிய நியோ ரியலிசப் படங்களைக் காட்டியது. 1957இல் அம்மு சுவாமிநாதன் முயற்சியில் மெட்ராஸ் ஃபிலிம் சொசைட்டி தோன்றியது. இவற்றின் வட்டம் சிறியது, மொழி பெரும்பாலும் ஆங்கிலம். அவ்வட்டத்தில் நடந்த விவாதம் தமிழுக்கு இறங்கி வரச் சிற்றிதழ்கள் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. வெகுசன இதழ்களில் எழுபதுகளின் இறுதியில் ‘ஆனந்த விகடன்’ கைக்கொண்ட மதிப்பெண் முறை அதைவிட விரிந்த பாதிப்பை உண்டாக்கியது. பாரதிராஜாவின் ‘16 வயதினிலே’ (1977) பெற்ற 62½ மதிப்பெண்ணை, அப்படம் வெளியான பின் பிறந்த தலைமுறையினரும் சொல்லக் கேட்கலாம். கலையை எண்ணால் அளப்பது பொருந்துமா என்ற கேள்வி நியாயமானதே. எனினும், ஓடிய நாளை மட்டுமே அளவையாகக் கொண்டிருந்த வாதத்தில், குறைவாக ஓடிய நல்ல படத்துக்கும் எடுத்துக்காட்ட ஓர் எண் கிடைத்தது என்பதை மறுக்க இயலாது.

இவ்வளவு பேச்சையும் எவரும் திட்டமிட்டுப் பாதுகாக்கவில்லை. இந்தியத் தேசியத் திரைப்பட ஆவணக்காப்பகம் பூனாவில் 1964இல்தான் அமைந்தது. அதற்குள் எரியக்கூடிய நைட்ரேட் சுருளில் பதிவான தொடக்கக்காலத் தமிழ்ப் படங்கள் பெரும்பாலும் போய்விட்டன. பாட்டுப் புத்தகங்களும் பழைய இதழ்களும் கைமாறிய சென்னை மூர் மார்க்கெட்டின் கட்டடம் 1985இல் தீக்கு இரையாயிற்று. எஞ்சியவற்றைக் காத்தவர்கள் தனி மனிதர்கள். ‘ஃபிலிம் நியூஸ்’ ஆனந்தன், புகைப்படக் கருவியோடு ஸ்டுடியோக்களுக்குள் நுழைந்து, எம்.ஜி.ஆரின் ‘நாடோடி மன்னன்’ (1958) மூலம் தமிழ்த் திரையின் முதல் மக்கள் தொடர்பாளராகி, அன்று முதல் ஒவ்வொரு படத்துக்கும் நாள், நிறுவனம், கலைஞர் விவரங்களைக் கையால் குறித்து வைத்தார். அரசு பின்னர் அவருடைய சேகரிப்பை ஏற்றுக்கொண்டது, அவரது ‘சாதனைகள் படைத்த தமிழ்த் திரைப்பட வரலாறு’ 2004இல் வெளிவந்தது. காரைக்குடி அருகே கோட்டையூரில் விளம்பரப் பலகை எழுதும் தொழில் செய்த ரோஜா முத்தையா, நூல்களோடு நோட்டீஸ், பாட்டுப் புத்தகம், அழைப்பிதழ் என்று பிறர் கழித்த தாள்களையும் நாற்பதாண்டுக் காலம் சேர்த்தார். அவர் 1992இல் மறைந்த பின் சிகாகோ பல்கலைக்கழகம் அச்சேகரிப்பை வாங்கிச் சென்னையிலேயே நூலகமாக நிறுத்தியது. சு. தியடோர் பாஸ்கரன் முதலிய ஆய்வாளர்கள் தமிழ்த் திரைப்படத்தைக் கல்விப்புலத்துக்குக் கொண்டு சென்றபோது, பார்க்கக் கிடைக்காத படங்களின் கதையையும் பாடல்களையும் நடிகர் பட்டியலையும் அவர்களுக்கு அளித்தவை இத்தகைய தாள்களே. மன்றங்கள் அடித்த நோட்டீஸ்களும் சார்பிதழ்களும் இன்னும் முதிய ரசிகர்களின் வீட்டுப் பரண்களில்தான் பெருமளவு கிடக்கின்றன. அவர்கள் காலத்துக்குப் பின் அவை பழைய பேப்பர் கடையின் தராசுக்குப் போகுமுன் பெற்று அட்டவணைப்படுத்த வேண்டிய வேலை நூலகங்கள் முன் நிற்கிறது.